தீவு கட்டலாம், மற்றப் பக்கத்தில ஆரு நிக்கிறது?

மட்டக்களப்பில் இருந்து ஏறாவூர் போற வீதியில், தன்னாமுனைப் பக்கம் புதுசாய் எழும்பும் வீடுகளின் பிளானை விரித்துப் பாருங்கள். குசினிக்கு நடுவில் ஒரு நீள்சதுரம் கீறி இருப்பார்கள். என்ன இது என்று கேட்டால் "அதான் ஐலன்ட்" என்பார்கள். கட்டாரில் இருந்தோ சுவிஸில் இருந்தோ அண்ணன் வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அது. வெள்ளைப் பெயின்ட் அடித்த அலுமாரி, மேலே தடித்த பலகை, பழசு போலத் தெரியட்டும் என்று உரஞ்சி விட்ட மரம், தலைக்கு மேல் தொங்கும் ரெண்டு லைட், பக்கத்தில் உயரமான ஸ்டூல் மூன்று. 'ரஸ்டிக் ஃபார்ம்ஹவுஸ் ஸ்டைல்' என்று இதற்குப் பெயர். எங்கட பாஷையில் சொன்னால் நாட்டுப்புறத்து வயல்வீடு. வயலும் வாவியுமாய் வளர்ந்த சனத்துக்கே வயல்வீட்டைப் படம் காட்டி விற்கிறார்களே என்று சிரிக்கலாம்தான். ஆனால் எங்களுக்கு இந்தத் தீவில் விருப்பமும் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் கறாராய்ப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இது எங்கே இருந்து வந்தது? மேற்கு நாடுகளின் பழைய விவசாயக் குசினிகளில் கட்டி வைத்த ஐலன்ட் இருக்கவில்லை. நடுவில் ஒரு பெரிய மரமேசை இருந்தது. மா பிசைவது, மரக்கறி அரிவது, சாப்பிடுவது எல்லாம் அதிலேயே. நாலு பக்கமும் ஆள் நிற்கலாம். பிறகு நகரத்து வீடுகளில் குசினி சுருங்கியது. 1926 இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஜேர்மனியின் ஃபிராங்பேர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்கு ஒரு குசினி வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். பெண்ணின் நேரத்தையும் நடையையும் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அதற்குள் ஒரு ஆள்தான் நின்று வேலை செய்யலாம். சமையல் என்றால் ஒரு பெண் தனியாய்ச் செய்யிற வேலை என்பதை அந்த அளவே உறுதியாக்கி விட்டது என்று பின்னால் வந்த பெண்ணியவாதிகள் சொன்னார்கள்.

பிறகு சுவரை உடைத்துக் குசினியை இருக்கையறையோடு சேர்த்தார்கள். நடுவில் ஐலன்ட் வந்தது. சமைக்கிற ஆள் சுவரைப் பார்த்து நிற்காமல் வீட்டாரைப் பார்த்து நிற்கலாம். 2013 இல் டெக்சாஸில் தொடங்கிய 'ஃபிக்ஸர் அப்பர்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி அதற்கு வயல்வீட்டு வேஷம் போட்டு உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. ஆக, ஐலன்டின் முழு அர்த்தமும் அதற்கு ரெண்டு பக்கம் இருக்கு என்பதிலேதான். ஒரு பக்கத்தில் மட்டும் ஆள் நின்றால் அது சுவரில் இருந்து தள்ளி வைத்த மேடை, அவ்வளவுதான்.

எங்கட பழைய அடுப்படியில் நடுவில் இருந்தது நிலம். பெத்தா திருவலையில் குந்தித் தேங்காய் திருவுவா, மாமி மீன் கழுவுவா, சின்னம்மா வெங்காயம் உரிப்பா. கதையும் வேலையும் ஒன்றாய் நடக்கும். அதுவும் ஒரு தீவுதான். ஆனால் அதைத் தூக்கி வைத்துப் பாட எங்களால் முடியாது. முழங்கால் தேய்ந்ததும் புகையில் கண் எரிந்ததும் அந்த நிலத்தில்தான். சுற்றி இருந்த எல்லாரும் பெண்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி அளவுக்கு வருவோம். படத்தில் உள்ளதைப் பத்துக்குப் பத்து அடி அறைக்குள் வைத்துப் பாருங்கள். சுவரோரத் தட்டுக்கு ரெண்டு அடி போனால் மிச்சம் எட்டு. ஐலன்ட் ரெண்டரை அடி அகலம் என்றால் மிச்சம் ஐந்தரை. ரெண்டு பக்கமும் பிரித்தால் ஆளுக்கு ரெண்டே முக்கால் அடிப் பாதை. குசினி வடிவமைப்பாளர்கள் வழக்கமாய்ச் சொல்வது ஒருவர் சமைக்கிற இடத்துக்கு மூன்றரை அடி, ரெண்டு பேர் என்றால் நாலு அடி. ரெண்டே முக்கால் அடிக்குள் சுடுசோற்றுப் பானையோடு ஒருவர் திரும்பினால் மற்றவர் வெளியே போக வேண்டும். அதாவது சின்னக் குசினிக்குள் திணித்த ஐலன்ட் இரண்டாவது ஆளைத் துரத்துகிறது. அங்கே நல்ல கனமான ஒரு மேசையைப் போட்டு விடலாம். தேவைப்பட்டால் தள்ளலாம், கல்யாண வீட்டுக்கு முற்றத்துக்கும் தூக்கலாம்.

அடுத்தது நெருப்பு. பென்ட்ரி கபட், ஐலன்ட் எல்லாம் போட்ட வீடுகளின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தகரப் பத்தி ஒன்று இறக்கி, மூன்று கல் வைத்து விறகு எரியும். மீன் பொரிக்கிறது, நெல் அவிக்கிறது, பெரிய சமையல் எல்லாம் அங்கே. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நாலில் மூன்று பங்குக்கும் கூடுதலான வீடுகள் விறகில்தான் சமைத்தன. இப்போது கேஸ் கூடியிருக்கலாம். ஆனால் 2022 ஐ நாங்கள் மறக்கவில்லை. ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனது, அந்த விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டி இருந்தது. விறகடுப்புக்கு இடமே விடாத குசினிகள் அன்றைக்குக் கண்காட்சி அறையாய்க் கிடந்தன. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளிலும் இதே கதை நடந்தது. புகை போக வழியில்லாத குசினியைச் சனம் சாமான் அறையாக்கி விட்டு, பின்னால் கொட்டில் போட்டுச் சமைத்தது. முன்னுக்கு ஒரு குசினி பார்க்க, பின்னுக்கு ஒரு குசினி சமைக்க. அந்தப் பின் குசினியில் அம்மா இப்போதும் தனியாய்த்தான் நிற்கிறா.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பழைய களஞ்சியங்களை உடைத்து எடுத்த பலகையில் இந்தப் பாணியைச் செய்கிறார்கள். எங்கட பக்கத்தில் நூறு வருசத்துப் பலகை எத்தனை வீட்டில் மிஞ்சி இருக்கு? 1978 நவம்பர் சூறாவளி ஒரு பங்கைக் கொண்டு போனது, 1990 இடப்பெயர்வில் ஒரு பங்கு போனது, 2004 இல் கடலோரத்தில் இருந்ததும் போனது. இந்த மண்ணில் புதுப் பலகையை உரஞ்சிப் பழசாக்கிக் காட்டுவது எங்களுக்கு என்னவோ போல இருக்கிறது. உண்மையில் ஒரு பழைய முதிரைக் கதவோ பாலை மர வளையோ மிஞ்சி இருந்தால், ஓடாவியிடம் கொடுத்து அதையே மேல்பலகையாய்ப் போடச் சொல்லுங்கள். கால்களைச் சீமெந்துக் கட்டில் நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாவி ஈரமும் கறையானும் ரெண்டு மாரிக்குள் கணக்கை முடித்து விடும்.

இப்போது முக்கியமான கேள்வி. இந்த வீடு ஆருடைய வீடு? மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குப் போகும். தாயும் தகப்பனும் கட்டி மகளுக்குச் சீதனமாய்க் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழி முறையைப் பற்றி நிறைய எழுதி இருக்கிறார். சீதனத்துக்கு எதிராய்ப் பேச எங்களுக்கு நிறைய இருக்கு, அது வேறு கட்டுரை. ஆனால் வீடு அவளுடையது என்றால் பிளானும் அவளிடம் கேட்டு வர வேண்டாமா? நடக்கிறது என்ன? காசு அண்ணன், படம் இன்ஸ்டகிராம், அளவு மேசன், முடிவு அப்பா. அவளிடம் கேட்பது டைல்ஸ் நிறம்.

கேட்டுக் கட்டினவர்கள் இந்த நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். 1950களில் மினெட் டி சில்வா கண்டி வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை வரையும்போது, குடியேறப் போகும் குடும்பங்களுக்கு வினாக்கொத்துக் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், என்ன தேவை என்று கேட்டு வரைந்தார். எழுபது வருசத்துக்கு முதலே செய்த காரியத்தை ஒரு வீட்டுக்குள் செய்ய எங்களுக்கு என்ன கஷ்டம்?

ஆகவே நாங்கள் சொல்வது இவ்வளவுதான். மேசன் நூல் பிடிக்க முதல், சமைக்கிற ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கையில் இருந்து நாலைந்து அங்குலம் கீழே அளந்து மேடை உயரத்தை எடுங்கள். கடைக்காரர் சொல்கிற மூன்று அடி எல்லா அம்மாமாருக்கும் பொருந்தாது. இருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பக்கத்தைப் பதித்துக் கட்டுங்கள், பெத்தாவும் அதில் இருக்கலாம். விறகடுப்பைப் புகைபோக்கியோடு உள்ளே எடுங்கள், அல்லது ஐலன்டைப் பின்பத்திக்குக் கொண்டு போங்கள். இறால் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வரட்டும்.

கடைசியாய், அந்த உயரமான மூன்று ஸ்டூல். படத்தில் அதில் இருக்கிறவர்கள் கோப்பி குடிக்கிறார்கள். எங்கட வீட்டில் அதில் இருந்து போன் பார்க்கப் போவது தம்பியும் நாங்களும்தான். முன்னெல்லாம் மண்டபத்தில் இருந்து "அம்மா, தேத்தண்ணி" என்று கூப்பிட்டோம், இனி மூன்று அடி தள்ளி இருந்து கூப்பிடுவோம் என்றால் லட்சக்கணக்கில் செலவழித்து தூரத்தை மட்டும்தான் குறைத்திருக்கிறோம். ஸ்டூலை விட்டு விடுங்கள். மற்றப் பக்கத்திலும் ஒரு கத்தி, ஒரு பலகை, ஒரு திருவலை வையுங்கள். தம்பிமாரே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். தேங்காய் திருவப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கத் தேவையில்லை.