"மூக்கை மாற்றிக்கொள்ளலாமா, ஆலிமா?"



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், நமது மதரஸாவில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓதி முடித்துச் சென்ற மாணவி ஒருத்தி நம்மைக் காண வந்தாள். இப்போது அவளுக்கு 27 வயது. வணிகவியல் படித்து, ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பணியில் இருக்கிறாள். உம்மா வாப்பாவின் நலம் விசாரித்து முடிக்கும் முன்பே, "மூக்கை ஆபரேஷன் செய்து மாற்றிக்கொள்ளலாமா, ஆலிமா? மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டாள்.

நமக்குப் பழகிப்போன விடை நாவின் நுனியிலேயே இருந்தது. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஷைத்தானின் தூண்டுதல் என்று சூரத்துன் நிஸாவில் வந்திருப்பதைச் சொல்லத் தொடங்கினோம். அவள் குறுக்கிட்டாள். "அந்த ஆயத்து எனக்குத் தெரியும் ஆலிமா. நீங்கள்தானே ஓதிக்கொடுத்தீர்கள். எனக்குக் கிளிமூக்கி என்று பெயர் வைத்ததும் இந்த மதரஸாவில்தான்" என்றாள்.

அப்பெயர் நமக்கும் நினைவுக்கு வந்தது. அதை நாம் சூட்டவில்லை. ஆயினும் அவ்வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருந்தனர். ஒரு நாள் வருகைப் பதிவு எடுக்கையில் பிள்ளைகளில் ஒருத்தி, "யார், கிளிமூக்கியா?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். இதை எழுதும்போது கை கூசுகிறது. சூரத்துல் ஹுஜுராத்தில், ஒருவரையொருவர் பரிகசிக்காதீர்கள், பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள் என்று தடுக்கப்பட்டிருப்பதை அதே அறையில், அதே பலகையில் எழுதிப் போட்டவர்களும் நாமே.

நாம் முஃப்தி அல்லர். இங்கே நாம் எழுதுவதை ஃபத்வா என்று யாரும் கொள்ள வேண்டாம். ஆயினும் இக்கேள்வி இப்போது நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. பெண்பிள்ளைகள் மட்டுமல்லர், வளைகுடாவில் வேலை செய்யும் இளைஞர்களும் கேட்கின்றனர். ஒரே சொல்லில் "ஹராம்" என்று முடித்து அனுப்பிவிடுவது நமக்கு எளிது. கேட்டவருக்கு அது போதுமானதா என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில், மூக்கைப் பற்றியே நேரடியாக ஒரு செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் குலாப் என்னுமிடத்தில் நடந்த போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அது துர்வாடை வீசத் தொடங்கியது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் செய்து பொருத்திக்கொள்ளுமாறு அவருக்குக் கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. தங்கம் ஆண்களுக்குத் தடுக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். தடுக்கப்பட்ட அப்பொருளே ஒரு மனிதரின் முகத்தைச் சீராக்கும் தேவை வந்தபோது அனுமதிக்கப்பட்டது. முகத்தில் ஒரு குறையோடு மக்கள் நடுவே நடமாடுவதன் வேதனை நம் மார்க்கத்துக்குத் தெரியாத ஒன்றன்று.

மற்றொரு பக்கம், அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வரும் செய்தி கடுமையானது. பச்சை குத்துவோரும், புருவ முடியைப் பிடுங்குவோரும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரும் அதில் சபிக்கப்பட்டுள்ளனர். இங்கே "அழகுக்காக" என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ செய்தால் குற்றமில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் விளக்கியுள்ளார்கள். (நம் ஊரில் பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி கட்ட ஆயிரக்கணக்கில் செலவிடும் எந்தப் பெற்றோரும் இதுவரை நம்மிடம் வந்து கூடுமா கூடாதா என்று கேட்டதில்லை. மூக்குக் குத்துவதற்கும் கேட்டதில்லை.)

2007ஆம் ஆண்டு ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகத்தின் 18ஆவது அமர்வு, அழகு அறுவை சிகிச்சை குறித்துத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. இயல்பாக அமைந்த உறுப்பை, மனவிருப்பத்துக்காகவும் பிறரைப் பார்த்தும் மாற்றிக்கொள்வது கூடாது என்று அத்தீர்மானம் கூறுகிறது. அதற்குச் சொல்லும் எடுத்துக்காட்டுகளில் மூக்கின் வடிவத்தை மாற்றுவதும் ஒன்று. அதே தீர்மானம், உதட்டுப் பிளவு, மூக்கின் கடுமையான கோணல் போன்ற பிறவிக் குறைகளைச் சீராக்குவதும், விபத்தால் வந்த சிதைவைச் சரிசெய்வதும், ஒருவருக்கு உடல் வேதனையோ மனவேதனையோ தருகின்ற விகாரத்தை நீக்குவதும் கூடும் என்கிறது.

ஆக, மூக்கு இரண்டு பட்டியல்களிலும் இருக்கிறது. நம் மாணவியின் மூக்கு எந்தப் பட்டியலில் சேரும்?

ஏழாம் வயதில் மாடிப்படியில் விழுந்து மூக்கில் அடிபட்டதாகச் சொன்னாள். அப்போது யாரும் மருத்துவரிடம் காட்டவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் இப்போது பார்த்துவிட்டு, உள்ளே தண்டு வளைந்திருக்கிறது, இடப்பக்க மூச்சு பாதிக்கு மேல் அடைபட்டிருக்கிறது, அதைச் சீராக்கத்தான் வேண்டும் என்று கூறியுள்ளார். அதில் மார்க்க ரீதியாக எந்தச் சிக்கலும் இல்லை, அது மருத்துவம். வெளியே தெரியும் மேட்டையும் அதே மயக்கத்தில் செதுக்கிவிடலாம், விரும்பினால் சொல்லுங்கள் என்றும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவளுடைய கேள்வி அந்த மேட்டைப் பற்றியது.

"அது உனக்கு வேதனை தருகிறதா மகளே?" என்று கேட்டோம். வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, மூன்று முறை பெண் பார்க்க வந்து போனதைச் சொன்னாள். ஒரு மாப்பிள்ளையின் ராத்தா, இவள் காதில் விழும்படியாகவே, "நிறம் இருக்கிறது, மூக்குத்தான்..." என்று இழுத்தாளாம். அதற்குப் பின் பணியிடத்தில் பக்கவாட்டில் யாரும் உட்காராதபடி இருக்கையை மாற்றிக் கேட்டிருக்கிறாள். நிழற்படம் எடுப்பதில்லை. தோழியரின் நிக்காஹ்களுக்குப் போவதில்லை.

மூக்கு அறுவையின் வரலாறே இந்த இரண்டு பட்டியல்களுக்கு நடுவில்தான் நடந்து வந்திருக்கிறது. தண்டனையாக மூக்கறுக்கப்பட்டவர்களுக்குக் கன்னத்துத் தோலை எடுத்து மூக்குச் செய்யும் முறை நம் நாட்டின் சுஸ்ருத சம்ஹிதையில் உள்ளது. திப்பு சுல்தானுடனான போரில் ஆங்கிலப் படையின் வண்டிக்காரர் ஒருவர் பிடிபட்டு மூக்கை இழந்தார்; நெற்றித் தோலைக் கொண்டு அவருக்குப் புதிய மூக்கு வைக்கப்பட்ட செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் படத்துடன் வெளிவந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814இல் இங்கிலாந்தில் அம்முறையைச் செய்து காட்டினார். இதுவரை எல்லாம் இழந்ததை மீட்பது. அர்ஃபஜா (ரலி) அவர்களின் வழி.

பெர்லின் நகர மருத்துவர் ஜாக் ஜோசப் 1898இல் செய்தது வேறு. நோயோ காயமோ இல்லாத, வெறுமனே பெரிதாக இருந்த ஒரு மூக்கை அவர் சிறிதாக்கினார். அந்த இளைஞர் தம் மூக்கைப் பிறர் உற்றுப் பார்ப்பது தாளாமல் வெளியே வருவதையே தவிர்த்து வந்தவர். பின்னர் ஜோசப்பிடம் வந்தவர்களில் யூதர்கள் பலர். அவரும் யூதக் குடும்பத்தில் பிறந்தவரே. அக்கால ஐரோப்பாவில் யூதரின் மூக்கைக் கேலிச்சித்திரமாக வரைந்து இழிவுபடுத்தினார்கள். அடையாளம் தெரியாமல் தெருவில் நடக்க வேண்டும் என்பதற்காக அம்மக்கள் கத்தியின் கீழ் முகத்தைக் கொடுத்தார்கள். அம்மூக்குகளில் நோய் ஏதும் இருக்கவில்லை. நோய் இருந்தது வரைந்தவர்களின் கையிலும் சிரித்தவர்களின் வாயிலும்தான்.

நம் ஊரிலும் அதுவே நடக்கிறது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பெண் பார்க்கப் போகும் வீட்டில் தேநீரைக் குடித்துக்கொண்டே ஒரு பெண்ணின் நிறத்தையும் உயரத்தையும் மூக்கையும் எடைபோட்டு, வெளியே வந்து பேசுவதை நாம் குற்றமாகவே கருதுவதில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரத்தைக் குறித்து ஒரு சொல் சொன்னபோது, கடலில் கலந்தால் கடலையே மாசுபடுத்திவிடும் சொல் அது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அக்கால்கள் மீஸானில் உஹது மலையைவிடக் கனமானவை என்றார்கள். சிரித்தவர்கள் ஸஹாபாக்கள். அவர்களுக்கே திருத்தம் தேவைப்பட்டது. படைப்பை மாற்றாதே என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல நமக்கு உரிமை வரவேண்டுமானால், படைப்பைப் பழிக்காதே என்று அந்த ராத்தாவிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மிம்பரிலும் பெண்கள் மஜ்லிஸிலும் முன்னதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். பின்னதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

இதனால் அறுவையை நாம் ஊக்குவிக்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் தனிப்பட்ட கருத்து அதற்கு எதிராகவே சாய்கிறது. அவளிடமும் அப்படியே சொன்னோம். கைபேசியை முகத்துக்கு அருகில் பிடித்து எடுக்கும் படத்தில் மூக்கு உள்ளதைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். அந்தப் படத்தைப் பார்த்துத் தன் முகத்தை வெறுக்கும் பிள்ளைகள் உள்ளனர். இல்லாத குறையைக் கண்ணாடியில் நாள் முழுதும் தேடும் மனநோய் ஒன்று உண்டு. அது உள்ளவருக்கு எத்தனை அறுவை செய்தாலும் நிறைவு வராது. அறுவையும் விளையாட்டன்று. முழு மயக்கம் கொடுத்து, எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்குகிறார்கள். ஒரு வாரம் மூக்கின்மீது கட்டு, இரண்டு வாரம் கண்களைச் சுற்றி நீலம், வீக்கம் முழுவதும் வடிய ஓராண்டு. மீண்டும் அறுவை தேவைப்படுவோரும், முன்பு நன்றாக இருந்த மூச்சு அடைபட்டுப் போனவர்களும் உண்டு.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னோம். அவளுடைய உம்மா, அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வரும் முன் செய்து முடித்து, அதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்கிறாராம். அது கூடவே கூடாது. மறைத்து முடிக்கும் நிக்காஹ் ஏமாற்றில் தொடங்குகிறது. மேலும், உம்மாவின் அவசரத்துக்காக மகள் தன் முகத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. மூக்கின் வளர்ச்சி நின்ற பின்னரே மருத்துவர்கள் இந்த அறுவையைச் செய்கிறார்கள். ஆகவே இது பெரும்பாலும் பருவமடைந்த, தன் செயலுக்குத் தானே பதில் சொல்ல வேண்டிய ஒருவரின் முடிவாகவே அமையும். கையெழுத்து அவளுடையது. மறுமையில் விசாரணையும் அவளுக்கே.

"அப்படியானால் என்னதான் சொல்கிறீர்கள் ஆலிமா?" என்றாள். மூச்சுக்கான அறுவையைத் தள்ளிப்போடாதே என்றோம். மேட்டைப் பொறுத்தவரை, விழுந்து அடிபட்டதால் வந்தது என்பதையும், அதனால் நீ எப்படி ஒடுங்கிப்போனாய் என்பதையும் மறைக்காமல், கூட்டாமல் குறைக்காமல் எழுதி ஒரு முஃப்தியிடம் கொடு. மருத்துவரின் அறிக்கையையும் சேர்த்துக் கொடு. மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைக் காரணமாக எழுத நேர்ந்தால் எழுது, ஆனால் அது மட்டுமே காரணமா என்று இரவில் தனியே உன்னைக் கேட்டுக்கொள். இஸ்திகாரா தொழு என்றோம். நம் சாய்வையும் மறைக்கவில்லை. அது அவளைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சொன்னோம்.

பிறகு அவள் கேட்டவை, மதரஸாவில் ஓதிய பிள்ளை கேட்கக்கூடிய கேள்விகள். கட்டுப் போட்டிருக்கும்போது உளூ எப்படி? சுஜூது எப்படி? நம் ஷாஃபிஈ மத்ஹபில், கழுவ முடிந்த இடத்தைக் கழுவி, கட்டின்மீது ஈரக்கையால் மஸஹ் செய்து, தயம்முமும் செய்ய வேண்டும். கட்டு முகத்தில், அதாவது தயம்மும் செய்யும் உறுப்பில் இருப்பதால், அத்தொழுகைகளைக் குணமான பின் திருப்பித் தொழ வேண்டும். ஹனஃபீ மத்ஹபினருக்கு மஸஹே போதும். சுஜூதில் நெற்றி தரையில் படுவதுதான் நமக்குக் கடமை, மூக்கு படுவது சுன்னத். குனியவே கூடாது என்று மருத்துவர் சொல்லும் நாள்களில் அமர்ந்து சைகையால் தொழலாம். மருந்து வேளைகள் நோன்போடு மோதாமலிருக்க, ரமளான் கழிந்து ஷவ்வாலில் நாள் வாங்கிக்கொள்வது நலம் என்றும் சொன்னோம். எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டாள்.

எழுந்து புறப்படும்போது, அந்த நாள் சிரித்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "பழைய கதை ஆலிமா" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. ஷவ்வால் பிறை பத்துக்கு மருத்துவமனையில் நாள் கொடுத்திருப்பதாகப் பெருநாளன்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். மூச்சுக்கு மட்டுமா, மேட்டுக்கும் சேர்த்தா என்று அதில் எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை. அவளுக்காக துஆ செய்யுங்கள்.