வாடகைக் கடைக்காரருக்கும் பாக்கி இருக்கிறது

கடைத்தெருவைச் சீரமைக்கும் பேச்சு எழுந்தாலே கூடவே ஒரு வாதமும் வந்துவிடும்: “கட்டட உரிமையாளருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. வாடகைக்கு இருந்தவர் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் கடையை மாற்ற மக்கள் வரிப்பணம் எதற்கு?” நல்ல தெரு வேண்டும் என்று விரும்புகிற என் நண்பர்களும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

வாடகைக்கு இருப்பவருக்கு அங்கே என்ன சொந்தம் என்கிறார்கள். ஒரு மாவு மில்லை எடுத்துக்கொள்வோம். சுவரும் கூரையும் உரிமையாளருடையவை. மோட்டார் உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் மேடையும், த்ரீ ஃபேஸ் இணைப்புக்குக் கட்டிய டெபாசிட்டும் மில்காரர் போட்ட காசு. மேடையைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. புது இடத்தில் மறுபடி போட்டு, அது இறுகும்வரை எந்திரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அந்த நாட்களில் வருமானம் கிடையாது, வீட்டுச் செலவு மட்டும் நிற்காது. இதற்கு நடுவே புதுக் கடைக்கு அட்வான்ஸ், மின்வாரியத்தில் விண்ணப்பம், உரிமத்தில் முகவரி மாற்றம் என்று அலைய வேண்டும். எல்லாம் முடிந்து மில் ஓடத் தொடங்கினாலும் அரைக்க யார் வருவார்கள்? பையில் அரிசியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த பழைய தெருக்காரர்கள் இரண்டு கிலோமீட்டர் தாண்டி வரப்போவதில்லை.

சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம், சொந்த நிலம் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளாக அங்கே பிழைப்பு நடத்தியவரைப் பாதிக்கப்பட்டவராகவே கணக்கில் எடுக்கிறது. இடம்பெயர்க்கப்படும் சிறு வியாபாரிக்கு ஒருமுறை உதவியாகக் குறைந்தது 25,000 ரூபாய் தரச் சொல்கிறது. அட்வான்சுக்கே அது காணாது. மாநகராட்சி தன் சொந்த இடத்திலேயே வேலை செய்தால் நில எடுப்பே நடப்பதில்லை. அந்தத் தொகைக்கும் வழியில்லை.

அடுத்தது, “வியாபாரத்தில் லாப நஷ்டம் சகஜம்.” எதிரே ஒரு கடை வந்து வியாபாரம் படுத்தால் அது தொழிலோடு வந்த நஷ்டம். அரசு தேதி குறித்துக் காலி செய்யச் சொல்வது அந்தக் கணக்கில் சேராது. சாலைத் திட்ட மதிப்பீட்டில் மின்கம்பத்தை நகர்த்தவும் குழாயை மாற்றிப் பதிக்கவும் பணம் ஒதுக்குகிறார்கள். அதை யாரும் சலுகை என்பதில்லை, திட்டச் செலவு என்கிறார்கள். கடையை நகர்த்துவதும் அதே திட்டத்தின் செலவுதான்.

“கொத்தவால் சாவடியைக் கோயம்பேட்டுக்கு மாற்றவில்லையா, செழிக்கவில்லையா?” என்று சிலர் கேட்பார்கள். இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். 1996-இல் அங்கே நகர்ந்தது ஒரு மொத்தச் சந்தை. சரக்கு எங்கே இறங்குகிறதோ அங்கே சில்லறை வியாபாரி விடியற்காலையில் வண்டி கட்டிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும். தையல் கடையையும் டீக்கடையையும் தேடி அப்படி யாரும் போவதில்லை. மொத்தச் சந்தையிலேயேகூட எல்லா இடத்திலும் அது நடந்துவிடவில்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் வளாகம் கட்டினார்கள். வியாபாரிகள் போக மறுத்தார்கள், கடைகள் காலியாகக் கிடந்தன. சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகள் 600-க்கும் மேற்பட்டோரை 2013-இல் ஒரு மாடிக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். மேல்தளங்களுக்கு வாடிக்கையாளர் ஏறி வருவதில்லை என்ற புலம்பல் உடனே எழுந்தது. அதே தெருவில் 2019-இல் திறந்த அகன்ற நடைபாதையில் நடப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் கட்டடத்துக்குச் செலவிட மனம் வருகிற அரசுக்கு, போன இடத்தில் வியாபாரம் பிடிக்கும்வரை ஆகும் செலவைத் தர ஏன் மனம் வருவதில்லை?

தெரு அழகானால் வியாபாரம் பெருகும் என்பது உண்மையாகவே இருக்கலாம். வேலை முடியும்வரை தாக்குப்பிடித்து, அதற்குப் பின் ஏறும் வாடகையையும் கட்ட முடிந்தவருக்கு அது பெருகும்.

கடைசியாகச் சொல்லப்படும் காரணத்தில் மட்டும் உண்மை இருக்கிறது: பணம் தருகிறார்கள் என்றால் போலிக் கடைகள் முளைக்கும். அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் 1970-இல் இயற்றிய இடமாற்ற உதவிச் சட்டம், மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் திட்டங்களால் நகரும் வாடகைக் கடைக்காரருக்கும் உண்மையான மாற்றச் செலவைத் தருகிறது. சிறு வணிகம் புது இடத்தில் மறுபடி காலூன்ற ஆகும் செலவுக்குத் தனித் தொகை; அதன் உச்சவரம்பை 2012-இல் 10,000 டாலரிலிருந்து 25,000 டாலராக உயர்த்தினார்கள். நாமும் திட்டத்தை அறிவிக்கும் நாளிலேயே கடை கடையாகக் கணக்கெடுத்து, மின்கட்டண ரசீதையும் உரிமத்தையும் சரிபார்த்துப் பட்டியலை மூடிவிடலாம். செலவை ரசீதுக்கு ஏற்பத் தவணைகளில் தரலாம். முதல் தவணை மட்டும் காலி செய்யும் நாளுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். அட்வான்ஸ் வாங்காமல் யாரும் புதுக் கடையின் சாவியைத் தரமாட்டார்கள்.