கூட்டம் வந்தால் அணி வரும்!

மாலை ஆறரை மணி. திருச்சி சத்திரம் பஸ் நிலையம். சமயபுரம் போகும் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இல்லை. ஒரு பக்கம் பூக்கூடைகள். இன்னொரு பக்கம் மஞ்சள் சேலை கட்டிய பெண்கள். கண்டக்டர் நெருக்கிக்கொண்டு டிக்கெட் போடுகிறார்.

கூட்டத்துக்கு நடுவே ஒரு பள்ளி மாணவி. வயது பதினான்கு இருக்கும். தோளில் நீளமாக ஒரு பை.

பக்கத்தில் இருந்த பூக்கார அம்மாள் கேட்டார்:

"ஏ பாப்பா, பையில என்ன? குடையா?"

"இல்லீங்க அக்கா. ஆக்கி மட்டை."

"அது ஆம்பளைப் பசங்க ஆட்டமாச்சே!"

"பொண்ணுங்களும் ஆடுறோம் அக்கா."

"ஆடினா என்ன கிடைக்கும்?"

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. சிரித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது.

பூக்கார அம்மாள் கேலி செய்யவில்லை. பெண்ணைப் பெற்ற எந்தத் தாயும் கேட்கும் கேள்விதான் அது. விடியற்காலையில் எழுந்து, வெயிலில் ஓடி, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, இருட்டில் வீடு திரும்புகிறாளே, என்ன கிடைக்கும்?

அந்தக் கேள்விக்கு இன்று ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் இன்னும் நம் ஊருக்கு வந்து சேரவில்லை.

பனித்தரையில் ஒரு பாடம்

முதலில் கொஞ்சம் தூரம் போய் வருவோம். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஓர் ஆட்டம் உண்டு. அதற்கு ஐஸ் ஆக்கி என்று பெயர். உறைந்த பனித்தரையில், காலில் கத்தி போன்ற தகடு பொருத்திய பூட்ஸ் போட்டுச் சறுக்கிக்கொண்டே ஆடுவார்கள். பந்து கிடையாது. கறுப்பான ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் தள்ளிக் கோல் போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்.

இந்த ஆட்டத்தைப் பெண்களும் பல ஆண்டுகளாக ஆடி வந்தார்கள். ஒலிம்பிக்கில் தங்கம்கூட வாங்கினார்கள். ஆனால் அதை நம்பிப் பிழைக்க முடியவில்லை. பகலில் ஒரு வேலை, இரவில் ஆட்டம் என்று காலம் தள்ளினார்கள். கனடாவில் அவர்களுக்கென்று இருந்த ஒரு லீக்கும் 2019-இல் மூடப்பட்டது.

அப்போது அந்தப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். 200 பேர் ஒன்று சேர்ந்தார்கள். "பிழைக்க வழி செய்யும் ஒரு நல்ல லீக் வரும்வரை வட அமெரிக்காவில் எந்தத் தொழில் லீக்கிலும் ஆட மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டக்காரி ஆடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! அந்தக் கஷ்டத்தை அவர்கள் பட்டார்கள்.

பலன் கிடைத்தது. 2024 ஜனவரி 1 அன்று பெண்களுக்கான புதிய தொழில் லீக் டொரண்டோ நகரில் தொடங்கியது. ஆறு நகரங்கள், ஆறு அணிகள். ஓர் ஆட்டக்காரிக்குக் குறைந்த சம்பளம் ஆண்டுக்கு 35,000 டாலர். நம் பணத்தில் சுமார் 30 லட்சம் ரூபாய். அந்த நாட்டு விலைவாசிக்கு அது பெரிய பணம் அல்ல. ஆனாலும் சம்பளம் சம்பளம்தானே!

ஊரின் பெயரே அணியின் பெயர்

இதில் ஒரு வேடிக்கை. முதல் ஆண்டில் அந்த அணிகளுக்குப் பெயரே வைக்கவில்லை. புலி, சிங்கம் என்று எந்தப் பட்டமும் இல்லை. சட்டையில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. மாண்ட்ரியல், டொரண்டோ, ஒட்டாவா, பாஸ்டன், மின்னசோட்டா, நியூயார்க். அவ்வளவுதான்.

பெயர் இல்லாததால் கூட்டம் குறைந்ததா? இல்லை. 2024 ஏப்ரல் 20 அன்று மாண்ட்ரியல் நகரில் ஓர் ஆட்டத்தைக் காண 21,105 பேர் வந்தார்கள். "எங்கள் ஊர்ப் பெண்கள் ஆடுகிறார்கள்" என்ற ஒரே எண்ணம் அத்தனை பேரையும் இழுத்து வந்தது.

நியூயார்க் அணியின் கதை வேறு. முதல் ஆண்டில் அதற்கு நிலையான வீடு இல்லை. மூன்று அரங்குகளில் மாறி மாறி ஆடியது. இன்று எங்கே ஆட்டம் என்று தேடிக்கொண்டு ரசிகன் எத்தனை நாள் போவான்? மற்ற நகரங்களைவிட அங்கே கூட்டம் குறைவாகவே இருந்தது. அடுத்த ஆண்டு ஒரே அரங்கில் நிலைத்தார்கள்.

2025-இல் இன்னொன்றும் செய்தார்கள். சொந்த அணி இல்லாத நகரங்களுக்குச் சில ஆட்டங்களைக் கொண்டு போனார்கள். ஊருக்கு ஓர் ஆட்டம். ஒரு வகையில் அது பெண் பார்க்கும் படலம்தான்! வான்கூவர் நகரில் 19,038 பேர் வந்தார்கள். சியாட்டில் நகரில் 12,608 பேர் வந்தார்கள். நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. அந்த ஆண்டே இரண்டு நகரங்களுக்கும் புதிய அணிகள் கொடுக்கப்பட்டன. ஆறு எட்டாயிற்று.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அணி வந்த பிறகு கூட்டம் வரவில்லை. கூட்டம் வந்தது, அணி பின்னால் வந்தது.

ராஞ்சிக்குக் கிடைத்தது

"பனி எங்கே, நாம் எங்கே? பங்குனி வெயிலில் தார்ரோடு உருகுகிற ஊர் இது!" என்று நீங்கள் சிரிக்கலாம். உண்மைதான். இந்தியாவில் ஐஸ் ஆக்கி என்றால் லடாக்கைத்தான் சொல்ல வேண்டும். அங்கே குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளங்களில் பழகிய பெண்கள், 2025-இல் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார்கள்.

நமக்குத் தெரிந்தது தரையில் ஆடும் ஆக்கி. அதிலும் நம் நாட்டில் பெண்களுக்கு ஒரு தொழில் லீக் வந்திருக்கிறது. ஆண்களுக்கான லீக் 2013-லேயே தொடங்கிவிட்டது. பெண்கள் 2025 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 12 முதல் 26 வரை, நான்கு அணிகளோடு, ஜார்க்கண்ட் மாநிலத்து ராஞ்சியில் முதல் லீக் நடந்தது. ஒடிசா அணி வென்றது.

ஏலத்தில் உதிதா என்ற ஆட்டக்காரிக்கு 32 லட்சம் ரூபாய் கிடைத்தது. அதுதான் பெண்களில் அதிகம். ஆண்களில் அதிகம் ஹர்மன்பிரீத் சிங்குக்குக் கிடைத்த 78 லட்சம். ஏலத்தில் செலவு செய்ய ஆண்கள் அணிக்கு 4 கோடி, பெண்கள் அணிக்கு 2 கோடி. பாதிக்குப் பாதி! ஓடுகிற மைதானம் ஒரே அளவு. அடிக்கிற பந்து ஒரே எடை. இந்தக் கணக்கு மட்டும் ஏன் மாறுகிறது? அதையும் ஒரு நாள் கேட்கத்தான் வேண்டும்.

சரி, ராஞ்சியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அந்த ஊர் அரங்கின் பெயரைப் பாருங்கள். ஜெய்பால் சிங் அரங்கம். 1928-இல் இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் ஆக்கித் தங்கம் வென்றபோது அணித் தலைவராக இருந்தவர் அவர். அந்த மண்ணின் மகன். அங்கே குந்தி, சிம்டேகா பக்கத்துக் கிராமங்களில் ஆக்கி ஆட்டம் ஒரு திருவிழா. ஜெயித்த அணிக்கு என்ன பரிசு தெரியுமா? ஓர் ஆட்டுக்கிடா! ஆடினால் ஆடு கிடைக்கும்! அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள்தான் நிக்கி பிரதானும் சலிமா டேட்டேயும். இருவரும் ஒலிம்பிக் வரை போனார்கள். சலிமா இந்திய அணிக்கே தலைவி ஆனார்.

2023-இல் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையை ராஞ்சியில் நடத்தினார்கள். நம் பெண்கள் வென்றார்கள். 2024 ஜனவரியில் ஒலிம்பிக் தகுதிப் போட்டியும் அங்கேயே நடந்தது. ஜப்பானிடம் ஒரே கோலில் தோற்றோம். பாரிஸ் வாய்ப்பு போயிற்று. அந்தத் தோல்விக்கு அடுத்த ஆண்டே அதே மைதானத்தில் பெண்கள் லீக் பிறந்தது. வெற்றியிலும் தோல்வியிலும் மைதானத்தை விட்டுப் போகாத ஊருக்கு லீக் கிடைத்தது.

நம் ஊருக்கு என்ன குறை?

தமிழ்நாட்டுக்கு ஆண்கள் லீக்கில் ஓர் அணி இருக்கிறது. பெண்கள் லீக்கின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் நமக்கு அணி இல்லை. ஆட்டங்களும் இங்கே நடக்கவில்லை. 2025-இல் 24 நாடுகள் கலந்துகொண்ட இளைஞர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. நல்ல காரியம். ஆனால் அதுவும் ஆண்களுக்கு!

திருச்சிப் பக்கத்துப் பெண்களுக்குத் தெம்பு இல்லையா? 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வான ஓட்டக்காரிகள் தனலட்சுமியும் சுபாவும் இந்த மாவட்டத்துப் பெண்கள்தானே! அவர்கள் ஓடிய ஓட்டத்துக்கு மட்டையையும் கொடுத்திருந்தால் யார் தடுத்திருப்பார்கள்?

நமக்குக் கூட்டம் நடத்தத் தெரியாதா? பூச்சொரிதலுக்கு வாருங்கள். சித்திரைத் தேருக்கு வாருங்கள். சமயபுரம் ரோட்டில் ராத்திரி முழுவதும் ஜனங்கள் நடந்து வருகிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், அன்னதானம். கூடுதல் பஸ் விடுகிறார்கள். போலீசார் விடிய விடிய நிற்கிறார்கள். காணாமல் போன குழந்தையை மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தாயிடம் சேர்க்கிறார்கள். இத்தனையும் செய்யத் தெரிந்த நமக்கு, சில ஆயிரம் பேர் வரும் ஓர் ஆட்டத்தை நடத்துவது பெரிய காரியமா?

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு கோப்பை வென்ற ஒடிசா பெண்கள் அணி, இரண்டாம் ஆண்டு லீக்கில் இல்லை. அதன் இடத்தில் ராஞ்சியின் பெயரில் ஓர் அணி வந்தது. கோப்பை கையில் இருந்தும் அணி நிலைக்கவில்லை! முதலாளியின் பணத்தை மட்டும் நம்பிய அணி, அவர் கணக்குப் புத்தகத்தை மூடும் நாளில் மூடிக்கொள்ளும். ஊரின் அன்பைச் சம்பாதித்த அணியை அவ்வளவு சுலபமாக மூட முடியாது. ஊர் கேள்வி கேட்கும்.

மூன்று காரியங்கள்

என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

ஒன்று: முதலில் அணி கேட்க வேண்டாம். ஆட்டம் கேட்போம். பெண்கள் லீக்கில் இரண்டே இரண்டு ஆட்டங்களைத் திருச்சியில் நடத்தட்டும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி நாளை மட்டும் விட்டுவிட்டுத் தேதி குறிக்கட்டும். வான்கூவர் ஜனங்களைப் போல நாமும் குடும்பத்தோடு போய் உட்காருவோம்.

இரண்டு: டிக்கெட்டுக்குப் பத்து ரூபாயாவது வைக்கட்டும். ராஞ்சியில் முதல் ஆண்டு ஆட்டங்களுக்கு இலவசமாகவே விட்டார்கள். தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் காசு கொடுத்தவன்தான் உரிமையோடு கைதட்டுவான். அந்தப் பத்து ரூபாயும் ஓர் ஆட்டக்காரியின் சம்பளத்துக்குப் போகும்.

மூன்று: இதுதான் பெரியது. இது அரசாங்கத்தின் கையிலோ முதலாளிகளின் கையிலோ இல்லை. நம் வீட்டில் இருக்கிறது. பதினான்கு வயதில் பெண்ணை மைதானத்திலிருந்து நிறுத்திவிடுகிறோம். காரணம் கேட்டால், "இருட்டிப்போகிறது" என்கிறோம். இருட்டுவது சூரியனின் குற்றம். அதற்குப் பெண் என்ன செய்வாள்? பள்ளிக்கூடத்தில் பயிற்சியை அரைமணி முன்னால் வைக்கச் சொல்லலாம். ஒரே தெருப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து வரலாம். அப்பாவோ அண்ணனோ பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கலாம். பையனின் டியூஷனுக்குப் போய் நிற்கிறோமே!

அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, பதினைந்து கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வருகிற பெண்கள் நிறைந்த ஊர் இது. பெண்ணுக்குப் பலம் இல்லை என்று இந்த ஊரில் யாராவது சொல்ல முடியுமா?

பஸ் சமயபுரம் வந்து நின்றது. அந்த மாணவி இறங்கினாள். பூக்கார அம்மாளின் கூடை கனமாக இருந்தது. மட்டைப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்து இறக்கிவிட்டாள். அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையில நல்ல பலம் இருக்கு பாப்பா. உன் ஆட்டம் எங்கே நடக்கும்? நானும் வந்து பாக்குறேன்."

"இன்னும் நம்ம ஊர்ல நடக்கலைங்க அக்கா" என்றாள் அவள்.

அந்தப் பதிலை மாற்றுவது நம் பொறுப்பு. பூக்கார அம்மாள் வரத் தயார். நீங்கள்?