இந்த வார ரசிகர்: 10 வயதில் அப்பாவை இழந்தவருக்கு ஒரு மோதிரக் கதை சொன்ன பதில்!

2013 டிசம்பரில் வெளியான 'தி ஹாபிட்: தி டெசொலேஷன் ஆஃப் ஸ்மாக்' படத்தை அடுத்த முறை பார்க்கும்போது, ஏரி நகரக் காட்சிகளில் கொஞ்சம் உன்னிப்பாக இருங்கள். ஒரு கண்ணை மறைத்துப் பட்டை கட்டிய உளவாளி ஒருவர் சில விநாடிகள் வந்து போவார். கண்ணிமைத்தால் தவறவிட்டுவிடுவீர்கள்.

அவர் ஸ்டீபன் கோல்பேர். அமெரிக்கத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற காமெடியன். 2005 முதல் 2014 வரை 'தி கோல்பேர் ரிப்போர்ட்' நிகழ்ச்சியில் அரசியல்வாதிகளைக் கலாய்த்தவர். 2015 செப்டம்பரில் 'தி லேட் ஷோ' நிகழ்ச்சியின் தொகுப்பாளர் நாற்காலியில் அமர்ந்தவர். அப்படிப்பட்டவர் சில விநாடி வேடத்துக்காக நியூசிலாந்து வரை போனார் என்றால், காரணம் சம்பளம் இல்லை. காரணம் ஜே.ஆர்.ஆர்.டோல்கீன். 'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவல்களை எழுதியவர்.

கோல்பேரின் ரசிகப் பைத்தியம் ஊரறிந்தது. இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் எழுத்துக் குழுவில் டோல்கீன் விஷயங்களில் கரைகண்டவர் ஃபிலிப்பா போயன்ஸ். அவரோடு கோல்பேர் வினாடி வினாவில் மோதினார். ஜெயித்தது கோல்பேர்தான் என்று ஜாக்சனே பின்னர் சொன்னார். 2014-ல் சான் டியாகோ காமிக்-கான் விழாவில் 'ஹாபிட்' குழுவின் மேடையைத் தொகுத்து வழங்க, அதே உளவாளி வேஷத்தில் வந்து இறங்கினார். படத்தின் நட்சத்திரங்கள் சாதாரண உடையில் இருக்க, தொகுப்பாளர் மட்டும் வேஷத்தில்!

இதுவரை படித்தால், வசதியான ஒரு மனிதரின் ஜாலியான பொழுதுபோக்கு என்றுதான் தோன்றும். ஆனால், இந்தக் காதல் தொடங்கிய இடம் வேறு.

செப்டம்பர் 11, 1974

கோல்பேர் குடும்பத்தில் 11 பிள்ளைகள். ஸ்டீபன்தான் கடைக்குட்டி. தெற்கு கரோலினா மாநிலத்தில் வசித்த கத்தோலிக்கக் குடும்பம். அப்பா டாக்டர். ஸ்டீபனுக்கு 10 வயதானபோது, அவனுக்கு நேர் மூத்த அண்ணன்கள் இருவரைப் புதுப் பள்ளியில் சேர்ப்பதற்காக அப்பா விமானத்தில் அழைத்துப் போனார்.

ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 212. சார்லட் நகரில் இறங்க வேண்டிய அந்த விமானம், மூடுபனியில் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியது. அதில் இருந்த 82 பேரில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் திரும்பி வரவில்லை.

விமானிகள் தரையிறங்கும் நேரத்தில் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்ததும், உயரத்தைச் சரியாகக் கவனிக்காததும் விசாரணையில் தெரியவந்தது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானி அறையில் அநாவசியப் பேச்சு கூடாது என்று 1981-ல் அமெரிக்கா விதி கொண்டு வந்தது. அந்த விதிக்குக் காரணமான விபத்துகளில் இதுவும் ஒன்று. இன்று விமானத்தில் போகிறவர்களுக்கு அந்த விதி ஒரு பாதுகாப்பு. அந்த வீட்டுக்கு அது ரொம்பவும் தாமதமாக வந்த பாதுகாப்பு.

மற்ற அண்ணன், அக்காக்கள் வளர்ந்து வெளியேறிவிட்டதால், வீட்டில் பெரும்பாலும் அம்மாவும் அந்தச் சிறுவனும்தான். பாடங்களில் மனம் ஒட்டவில்லை. கையில் கிடைத்த விஞ்ஞானக் கதைகளும் மாயாஜாலக் கதைகளும்தான் துணை. பதின்ம வயதில் டோல்கீன் வந்து சேர்ந்தார். அதன் பிறகு போகவே இல்லை.

டோல்கீனும் ஓர் அநாதைதான்

டோல்கீன் 1892-ல் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைனில் பிறந்த ஆங்கிலேயர். நான்கு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா மேபல் 1900-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். கோபித்துக்கொண்ட உறவினர்கள் பண உதவியை நிறுத்தினார்கள். 1904-ல் சர்க்கரை நோய் முற்றி அவரும் இறந்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. டோல்கீனுக்கு 12 வயது. அவரையும் தம்பியையும் பாதுகாவலராக இருந்து கரையேற்றியவர் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஒரு பாதிரியார்.

பிறகு முதல் உலகப் போர். 1916-ல் பிரான்ஸின் சோம் போர்க்களத்துக்குப் போனார். பள்ளிக்காலத்தில் இருந்தே இணைபிரியாத நான்கு நண்பர்களில் இருவர் அந்த ஆண்டே மடிந்தார்கள். காய்ச்சல் கண்டு ஊர் திரும்பிய டோல்கீன், ஓய்வுக் காலத்தில் எழுதத் தொடங்கிய கதைகளில்தான் அவருடைய 'மிடில் எர்த்' உலகம் வடிவம் எடுத்தது. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். 1937-ல் 'தி ஹாபிட்', 1954-55-ல் மூன்று பாகங்களாக 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வெளிவந்தன.

குட்டிச்சாத்தான்களும் டிராகன்களும் நிறைந்த கதை என்று ஒதுக்குபவர்கள் மறக்கும் விஷயம் இதுதான். இழப்பு என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் எழுதிய கதை இது.

கோயில் இல்லை, பூசாரி இல்லை

கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரியில்: உலகையே அடிமையாக்கும் சக்தி கொண்ட ஒரு மோதிரத்தை, அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே போட்டு அழிக்க ஃப்ரோடோ என்ற குள்ள மனிதன் நடந்தே போகிறான்.

சாகசக் கதை என்றால் பொதுவாகப் புதையலைத் தேடிப் போவார்கள். இங்கே கையில் இருப்பதைத் தொலைக்கப் போகிறார்கள். மகா ஞானியான காண்டால்ஃப், மோதிரத்தைத் தொடவே மாட்டேன் என்கிறார். நல்லது செய்யத்தான் அதை எடுப்பேன், அந்த ஆசையே என்னைக் கெடுத்துவிடும் என்பது அவர் பயம். அதிகாரத்தைக் கையாளத் தகுதியானவர், அதை வேண்டாம் என்பவர்தான். இதற்கு மேல் ஓர் ஆன்மிக வகுப்பு தேவையா என்ன?

ஆச்சர்யம் என்னவென்றால், இத்தனை பெரிய நாவலில் கோயில் இல்லை, பூசாரி இல்லை, வழிபாடு என்று சொல்லும்படி அநேகமாக எதுவும் இல்லை. டோல்கீன் தினசரி பிரார்த்தனை செய்யும் தீவிர கத்தோலிக்கர். 1953-ல் ராபர்ட் முர்ரே என்ற பாதிரியார் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கதை அடிப்படையில் சமயம் சார்ந்ததுதான், அதனாலேயே வெளிப்படையான மதச் சடங்குகளை அதிலிருந்து எடுத்துவிட்டேன் என்ற பொருளில் விளக்கம் சொல்லியிருக்கிறார். உப்பு கரைந்த தண்ணீர் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும்.

தேடினால் தடயங்கள் கிடைக்கும். பயணக் குழு புறப்படும் நாள் டிசம்பர் 25. மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. இயேசு பிறப்பு பற்றி மரியாளுக்குத் தேவதூதர் அறிவித்ததாகத் திருச்சபை கொண்டாடும் நாள் அது. 2003-ல் இருந்து உலகெங்கும் ரசிகர்கள் 'டோல்கீன் வாசிப்பு தினம்' கொண்டாடுவதும் மார்ச் 25-ல்தான்.

அதற்காக 'இது இயேசு, அது சாத்தான்' என்று பொருத்தம் போடுவது அவருக்குப் பிடிக்காது. உருவகக் கதைகள் மீது தனக்கு ஒவ்வாமை உண்டு என்பதை 1960-களில் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் தெளிவாகவே எழுதினார். வாசகர் தன் வாழ்க்கையைக் கதையில் பொருத்திப் பார்க்கட்டும், ஆசிரியர் திணிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பைபிளைத் தொட்டே பார்க்காதவர்களும் இந்தக் கதையில் உருகுவதற்குக் காரணம் இதுதான்.

உலகத்தைக் காப்பாற்றிய ஓர் இரக்கம்

கதையின் உயிர்நாடி கோல்லம் என்ற பரிதாப ஜீவன். மோதிர வெறியில் மனிதத் தன்மையே கரைந்துபோனவன். 'தி ஹாபிட்' கதையில் ஃப்ரோடோவின் பெரியவர் பில்போ, இருட்டுக் குகையில் கோல்லத்தைக் கொல்ல வாய்ப்பு கிடைத்தும் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்.

இதில் ஒரு சுவாரஸ்யம். 1937-ல் வந்த முதல் பதிப்பில் இந்த இரக்கக் காட்சியே கிடையாது. அங்கே கோல்லம் ஓரளவு நல்லபிள்ளை. வெளியேற வழிகூடக் காட்டுகிறான். பெரிய நாவலை எழுதப் போகும்போதுதான் டோல்கீனுக்கு இந்த இரக்கம் எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது. திருத்திய பதிப்பு 1951-ல் வந்தது.

ஏன் முக்கியம்? பயணத்தின் கடைசி நொடியில் ஃப்ரோடோ தோற்றுப்போகிறான். எரிமலையின் விளிம்பில் நின்று, மோதிரத்தைப் போட மாட்டேன், இது எனக்கே சொந்தம் என்கிறான். அப்போது பாய்ந்து வந்து விரலோடு மோதிரத்தைக் கடித்துப் பறிக்கிறான் கோல்லம். கால் இடறி நெருப்பில் விழுகிறான். உலகம் பிழைக்கிறது.

நாயகனின் வீரம் அங்கே வேலைக்கு ஆகவில்லை. என்றோ, யாரோ, தகுதியே இல்லாத ஒருவன் மேல் காட்டிய இரக்கம்தான் காப்பாற்றியது. மனித முயற்சி ஒரு எல்லை வரைக்கும்தான், அதற்கு மேல் அருள்தான் என்கிற நம்பிக்கையை, 'அருள்' என்ற வார்த்தையே இல்லாமல் சொன்ன இடம் இது.

தண்டனையா, வரமா?

கோல்பேருக்குக் கல்லூரி நாள்களில் கடவுள் நம்பிக்கை போய்விட்டது. பிறகு ஒரு கடும் குளிர் நாளில், சிகாகோ தெருவில் யாரோ இலவசமாகக் கொடுத்த குட்டி பைபிளைப் பிரித்தபோது, கவலைப்படாதிருங்கள் என்னும் மலைப்பிரசங்கப் பகுதி கண்ணில் பட்டதாகவும், அந்த நடுக்கத்தில் நின்றபடியே வாசித்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். நம்பிக்கை மெல்லத் திரும்பியது. ஆனால், அப்பாவும் அண்ணன்களும் ஏன் போனார்கள் என்ற கேள்வி அப்படியே இருந்தது.

அங்கேதான் மறுபடியும் டோல்கீன் வருகிறார். அவருடைய கதை உலகத்தில் எல்ஃப்களுக்குச் சாவு இல்லை. மனிதர்களுக்கு உண்டு. ஆனால், அந்தச் சாவைப் படைத்தவன் மனிதருக்குத் தந்த கொடை என்கிறது கதை. சமயம் மரணத்தைத் தண்டனை என்கிறதே, இது முரண்பாடு இல்லையா? டோல்கீன் ஒரு கடிதத்தில் இதற்கு விளக்கம் தருகிறார். இரண்டும் மோத வேண்டியதில்லை. தண்டனையாகத் தெரிவதை ஒருவர் ஏற்றுக்கொள்ளும் விதத்தில், அதுவே கொடையாகவும் ஆகலாம் என்பது அதன் சாரம்.

இந்தச் சிந்தனை நமக்கு அந்நியமில்லை. ஊர்வசியின் சாபம்தானே அர்ஜுனனுக்கு ஒளிந்து வாழும் வருடத்தில் கவசமானது?

2015-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் கோல்பேர் இந்தக் கடிதத்தை நினைவுகூர்ந்து, எது நடந்திருக்கவே கூடாது என்று மிகவும் விரும்பினாரோ அதையே நேசிக்கக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். 2019 ஆகஸ்டில் சி.என்.என் தொலைக்காட்சியில் ஆண்டர்சன் கூப்பர் அதே வாசகத்தைக் குறிப்பிட்டு, நிஜமாகவே அப்படி நம்புகிறீர்களா என்று கேட்டார். கேட்கும்போதே அவர் குரல் உடைந்தது. கூப்பருக்கும் 10 வயதில்தான் அப்பா இறந்தார். பின்னர் அண்ணனை இழந்தார். அந்தப் பேட்டிக்கு இரண்டு மாதங்கள் முன்புதான் அம்மாவும் போயிருந்தார்.

ஆமாம் என்றார் கோல்பேர். ஆனால், கவனமாகச் சொன்னார். அந்த விபத்து நடந்திருக்க வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. துக்கம் இனிக்கிறது என்றும் சொல்லவில்லை. வாழ்க்கைக்கு நன்றி சொல்வதென்றால் முழு வாழ்க்கைக்கும் சொல்ல வேண்டும், பிடித்த பக்கங்களுக்கு மட்டும் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். அப்படிக் கிடைத்தது என்ன? அடுத்தவரின் இழப்பைப் புரிந்துகொள்ளும் மனசு. எதிரில் கலங்கி உட்கார்ந்திருந்த கூப்பரோடு அந்த நிமிடம் பேச முடிந்ததே, அதுதான் அதற்குச் சாட்சி.

இதை யாரும் யாருக்கும் அறிவுரையாகச் சொல்லிவிட முடியாது. சாவு வீட்டில் போய் 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்பது கொடுமை. பாதிக்கப்பட்டவரே, பல வருடங்கள் கழித்து, தன்னளவில் கண்டடைய வேண்டிய பதில் அது. கோல்பேருக்கே 10 வயதில் அது கிடைத்துவிடவில்லை.

இது தப்பி ஓடுவதா?

'எப்பப் பார்த்தாலும் கற்பனைக் கதை. நிஜ உலகத்துக்கு வா' என்று திட்டு வாங்கிய பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. டோல்கீன் 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றிப் பேசியபோது இந்தக் குற்றச்சாட்டை நேராகவே சந்தித்தார். சிறையில் இருப்பவன் வெளியே போக நினைப்பதும், போர்க்களத்தில் இருந்து கோழை ஓடுவதும் ஒன்றல்ல என்பது அவர் பதில். நம்பிக்கை அற்றுப்போன கடைசிக் கணத்தில், யாரும் எதிர்பாராமல் வரும் ஆனந்தத் திருப்பத்துக்கு அவர் ஒரு புதுப் பெயரே சூட்டினார்: 'யூகடாஸ்ட்ரஃபி'. நல்ல பேரழிவு என்று சொல்லலாம்.

ஆனாலும் அந்த ஆனந்தம் கண்ணீரைத் துடைத்து எறிந்துவிடுவதில்லை. மோதிரம் அழிந்த பிறகும் ஃப்ரோடோவின் காயம் ஆறவில்லை. காப்பாற்றிய ஊரிலேயே அவனால் வாழ முடியவில்லை. கப்பல் ஏறி மேற்கே போய்விடுகிறான். அவன் கூடவே எரிமலை வரை நடந்த நண்பன் சாம் மட்டும், அழுத முகத்தோடு வீடு திரும்புகிறான். வாசலில் மனைவி, கைக்குழந்தை. அடுப்பில் சாப்பாடு தயாராக இருக்கிறது.

சிலருக்கு வலி கடைசி வரை போவதில்லை, அவர்கள் பக்கத்தில் நடப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பித்தான் ஆக வேண்டும். இரண்டையும் மறைக்காமல் சொல்கிற கதை என்பதால்தான், அப்பாவை இழந்த ஒரு பையன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரே தலையணை சைஸ் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தால், பிடுங்கி வைப்பதற்கு முன்னால், அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.