வண்டியில் ஒட்டு வேலை எதுவரை செல்லும்?

புதுவை பெரிய மார்க்கெட்டுக்குக் கத்தரியும் கீரையும் விடியுமுன் வந்து சேர வேண்டும். குபேர் அங்காடி என்று அதற்குப் பெயர் வைத்தாலும் ஊராருக்கு அது பெரிய மார்க்கெட்தான். நேரு வீதிப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி மூட்டையை இறக்குவதற்குள் பொழுது ஏறிவிட்டால் முதல் விலை போய்விடும். வாடிய கீரைக்கு இரண்டாம் விலை என்று ஒன்று கிடையாது. ஆகவே பாகூர், வில்லியனூர், திருக்கனூர் பக்கத்துச் சிறு விவசாயி தன் மினி லாரியையோ டிராக்டர் டிரெய்லரையோ பட்டறையில் விடும்போது, "இன்று ராத்திரிக்குள் ஓடுமா?" என்றுதான் கேட்கிறார். "பத்து வருஷம் உழைக்குமா?" என்று கேட்க அவருக்கு அவகாசம் இல்லை.

இதைக் குறை கூறுவது எளிது, ஆனால் நியாயமல்ல. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ்.ராமசாமி 1970-களில் மாட்டு வண்டியைச் சீர்திருத்தப் பெரிதும் பாடுபட்டார். நல்ல நல்ல மாதிரிகள் வந்தன. ஆனால் நம் கிராமங்களில் பரவியது என்னவோ, பழைய மோட்டார் ஆக்சிலையும் தேய்ந்த டயரையும் வாங்கி ஊர்த் தச்சரும் கொல்லரும் பூட்டிக் கொடுத்த டயர் வண்டிதான். கைக்கு எட்டிய விலை, கண்ணெதிரே வேலை. மாட்டுக்கும் இழுப்பு குறைந்தது. எனினும் அதில் ஒரு குறை தங்கிவிட்டது. அப்படிச் செய்த வண்டிகள் பலவற்றுக்குப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் பாரம் முழுவதையும் மாட்டின் கழுத்து தாங்க வேண்டியதாயிற்று. அவசர வேலையில் எது விட்டுப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இன்று மாட்டின் இடத்தில் மினி லாரி நிற்கிறது. விட்டுப்போவதும் அதே பிரேக்தான்.

களிமண் நிலத்தில் மழைக்காலத்து வண்டிப்பாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024 நவம்பர் 30-ல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுவையில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய நாட்களில் சக்கரத்தடியில் தென்னை மட்டையும் கோணியும் போட்டு வண்டியை ஏற்றுவது உத்தமமான வழி. சேற்றைத் தாண்டும்வரை டயரில் காற்றைச் சற்றுக் குறைப்பதும் தவறல்ல. டயர் அகலமாகப் படிந்து பிடிப்புக் கிடைக்கும். ஆனால் தார் ரோடு ஏறுமுன் காற்றைத் திரும்ப அடித்தாக வேண்டும். பாரத்தோடு காற்றுக் குறைந்த டயர் ஓட ஓடச் சூடேறி வெடிக்கும். ரேடியேட்டர் ஹோஸ் கசிந்தால் டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டி வீடு வந்து சேரலாம். உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் கட்டைவைத்துக் கம்பியால் இறுக்கி, சுமையை இறக்கிவிட்டு, மெதுவாகப் பட்டறை வரை ஓட்டலாம். இவையெல்லாம் வழியில் கைகொடுக்கும் வேலைகள். அந்தக் கம்பிக்கட்டோடேயே மறு வாரமும் பாரம் ஏற்றுவதுதான் வினை.

வெறொரு பழக்கமும் பெருகிவருகிறது. கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகப் பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை சேர்த்துவிடுகிறார்கள். வண்டி தாழாமல் நிமிர்ந்து நிற்கிறது. தாங்கும் என்று நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆக்சில், டயர், பிரேக் மூன்றும் பழையபடியேதான் இருக்கின்றன! எடை இரட்டிப்பானால், அதே வேகத்தில் வண்டியை நிறுத்தப் பிரேக் டிரம் இரட்டிப்புச் சூட்டைத் தாங்க வேண்டும். அதோடு, விறைத்த ஸ்பிரிங் பள்ளத்தின் அடி முழுவதையும் தக்காளிக்குக் கடத்துகிறது. அறுவடை முதல் விற்பனை வரை தக்காளியில் சுமார் 12 சதவிகிதம் வீணாகிறது என்று லூதியானா அறுவடைப் பின்சார் ஆராய்ச்சி நிலையம் 2015-ல் கணக்கிட்டது. அதில் ஒரு பங்கு இந்தக் குலுக்கலால் போவதே. இரண்டு பட்டைக்குச் செலவிடும் பணத்தில் பிளாஸ்டிக் கூடைகள் வாங்கி, அடியில் வைக்கோல் பரப்பி, ஆடாமல் கயிறு கட்டினால் வந்து சேரும் காய்க்கு விலை கிடைக்கும். இதற்குப் பட்டறையே வேண்டாம்.

சேஸில் வெல்டிங் வைப்பதும், நீளத்தையோ அகலத்தையோ கூட்டுவதும் சட்டத்துக்கும் ஒவ்வாதவை. பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்தின்படி மீறிய சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது அந்த வெல்டிங்கே எதிர்சாட்சியாக நிற்கும்.

டிரெய்லர் வைத்திருப்போர் கொக்கிப் பின்னை ஒரு தரம் பார்க்கட்டும். தொலைந்த பின்னுக்குப் பதில் கையில் கிடைத்த கம்பியைச் செருகியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். கம்பி வளைந்து கழன்றால் டிரெய்லர் யார்மீது போய் ஏறும் என்று யாருக்குத் தெரியும்? சரியான பின்னும், துணைக்கு ஒரு சங்கிலியும், பின்னால் சிவப்பு ஒளிப்பட்டையும் பெரிய செலவல்ல. விடியுமுன் இருட்டில் புறப்படுகிறவருக்கு அந்தச் சிவப்புப் பட்டை ஒரு காவலாள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதிதாக்க வேண்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. பெயின்ட், புது பாடி என்று எஸ்டிமேட் போட்டுப் பணம் சேரும்வரை தேய்ந்த பிரேக்கோடேயே ஓட்டுகிறார்கள். துருப்பிடித்த பாடி இன்னும் இரண்டு வருஷம் ஓடும், பலகை அடித்துக்கொள்ளலாம். பிரேக் லைனிங் ஓடாது.

மழை ஓய்ந்ததும், பொங்கல் கரும்பும் வாழைத்தாரும் ஏற்றத் தொடங்குமுன், மார்கழி முதல் வாரத்தில் ஒரு பகல் வண்டியை நிறுத்திவிடலாம். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மில் புகுந்த சேற்றைக் கழுவி, லைனிங்கைப் பார்த்து, பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்தால் போதும். மத்தியானச் சந்தை இல்லாத நாளாகப் பார்த்துக்கொண்டால் ஒரு லோடும் தவறாது.