காத்திருப்பின் கணக்கு

அமெரிக்க விமானிகளின் ஊதியப் பேச்சுவார்த்தையைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவானேன் என்று நண்பர்கள் வியக்கக்கூடும். ஊதியக்குழுவின் நிலுவைத்தொகைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கல்லூரி ஆசிரியர்களுள் அடியேனும் ஒருவன். பொறுமை எங்கே முடிகிறது, ஏமாளித்தனம் எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வி எனக்குப் புதிதன்று.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1926இல் இரயில்வே தொழிலாளருக்கென இயற்றப்பட்ட சட்டமே 1936 முதல் அங்கே விமானிகளையும் ஆள்கிறது. அதன்படி ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. குறித்த நாளில் திருத்தத்துக்கு உரியதாகிறது, அவ்வளவே. புதியது நிறைவேறும் வரை பழைய ஊதியமே தொடரும். பேச்சு முடங்கினால் தேசிய மத்தியஸ்த வாரியம் நடுவே வந்து அமரும். அவ்வாரியம் விடுவித்து, அதன்பின் 30 நாள் கழிந்தாலன்றி வேலைநிறுத்தம் செய்யவியலாது. எப்போது விடுவிக்க வேண்டும் என்பதற்கோ கால வரம்பில்லை. சவுத்வெஸ்ட் விமானிகளின் ஒப்பந்தம் 2020 செப்டம்பரில் திருத்தத்துக்கு உரியதாயிற்று; புதியது வாக்கெடுப்பில் நிறைவேறியது 2024 ஜனவரியில். ஆகவே, ஆறே மாதத்தில் முடித்துக்காட்டுவதாக உறுதியளிக்கும் சங்கத் தலைவரை நான் நம்பமாட்டேன்.

பொறுத்தவர் வென்ற கதையும் உண்டு. 2022 நவம்பரில் யுனைடெட் விமானிகள் தம் சங்கம் கொணர்ந்த தற்காலிக உடன்பாட்டை 94 சதவீத வாக்குகளால் தள்ளினர். அதில் கிடைக்கவிருந்த உயர்வு 14.5 சதவீதத்துக்குச் சற்று அதிகம். 2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளில் 34 சதவீதம் பெற்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் யுனைடெட் விமானிகளுக்கு 40 சதவீதம் வரை கிட்டியது.

இதைக் கண்டு, 'வேண்டாம் என்றால் மேலும் தருவார்கள்' என்று ஒரு சூத்திரம் வகுப்பது எளிது. சரக்கு ஏற்றிச் செல்லும் ஃபெடெக்ஸ் விமானிகள் 2023 ஜூலையில் 30 சதவீத உயர்வுடன் வந்த உடன்பாட்டை 57 சதவீதத்தினர் எதிர்க்கத் தள்ளினர். அந்த ஆண்டில் மேம்பட்ட உடன்பாடு வரவில்லை. அடுத்த ஆண்டிலும் வரவில்லை. இரு சாராரும் ஒன்றைத்தான் செய்தனர்; காலம் வேறு. பயணிகள் திரும்பிவந்து விமானிகள் போதாமலிருந்த வேளையில் யுனைடெட்டார் மறுத்தனர். பெருந்தொற்றுக் காலத்தின் சரக்குப் பெருக்கம் வடிந்துகொண்டிருந்தபோது ஃபெடெக்ஸார் மறுத்தனர். 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் அமெரிக்க அஞ்சல் துறையின் பெரும் ஒப்பந்தத்தையும் இழந்தது. மறுத்தவர்கள் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓய்வூதியம் பற்றி அவர்கள் எழுப்பிய கேள்விகளில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்துக்குப் பேரம்பேசும் வலிமை தானாக வந்துவிடுவதில்லை.

பழையதை மீட்பதும் எதிர்பார்ப்பில் கலந்துவிடுகிறது. டெல்டா விமானிகள் 2004இல் 32.5 சதவீத ஊதியக் குறைப்புக்கு இசைந்தவர்கள். இத்தகைய வெட்டுகளைக் கண்டவர்கள் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இழந்ததைத் தேடுவர். அது மனித இயல்பு, குறை சொல்வதற்கில்லை. எனினும் எதிரே அமர்ந்திருப்பவர் பார்ப்பது இவ்வாண்டின் வருவாயையும் போட்டியாளரின் ஊதியத்தையுமே.

இதனினும் என்னை உறுத்துவது வேறொன்று. அங்கே விமானிகள் 65 வயதில் ஓய்வு பெற்றாக வேண்டும். முப்பது வயது துணை விமானிக்கு இரண்டாண்டுக் காத்திருப்பு ஒரு முதலீடு. 63 வயது கேப்டனுக்கோ அதுவே எஞ்சிய பணிக்காலம். முன்தேதியிட்ட நிலுவை முழுதாகக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இருவருக்கும் வாக்கு ஒன்றுதான். பொறுமையைப் பரிந்துரைக்கும் சங்கம் அதன் விலையை யார் செலுத்துகிறார் என்பதையும் வாக்கெடுப்புக்கு முன் எண்களாக எழுதி உறுப்பினர் கையில் தரவேண்டும்.

எங்கள் நிலுவைத்தொகை ஒருவழியாக வந்து சேர்ந்த மாதத்தில், அதற்காக முன்வரிசையில் நின்று முழங்கிய மூத்தவர்களுள் இருவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தனர்.