ஒல்லிதானே, சாப்பிடட்டும்!

பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகே காத்து நிற்கும் அம்மா அப்பாக்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். பிள்ளை வேனில் ஏறுவதற்குள் அதன் கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைத் திணித்துவிடுகிறீர்கள். ஏன் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "ஒல்லியாத்தானே இருக்கான், சாப்பிடட்டும் விடுங்க." கவலையெல்லாம் குண்டுப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு, நமக்கென்ன என்ற தைரியம். அந்தத் தைரியம் பொய் என்பதற்கான சாட்சி வெளிநாட்டில் இல்லை. நாம் குடியிருக்கும் இந்தத் தில்லியிலேயே இருக்கிறது.

1969-ல் தெற்கு தில்லியில் ஒரு பகுதியைக் குறித்துக்கொண்டு, அங்கே வசித்த மணமான பெண்களைப் பதிவு செய்து, 1972 வரை அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை எடை போட்டு உயரம் அளந்தார்கள். மொத்தம் 8,181 குழந்தைகள். பிறந்த மூன்று நாளுக்குள் ஒரு தடவை, முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று விடாமல் அளந்து நோட்டில் ஏற்றினார்கள். 1998-க்கும் 2002-க்கும் நடுவே அவர்களில் 1,492 பேரைத் தேடிப் பிடித்து, குளுக்கோஸ் கொடுத்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 26-லிருந்து 32. வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, மடியில் கைக்குழந்தை இருக்கும் வயது. அந்த வயதிலேயே 4.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இன்னும் 10.8 சதவீதம் பேர் அதன் வாசற்படியில் நின்றார்கள்.

டாக்டர் சந்தோஷ் பார்கவா, டாக்டர் எச்.பி.எஸ். சச்தேவ் உள்ளிட்ட குழுவினர் 2004-ல் இதை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களின் பழைய நோட்டுகளைப் புரட்டியபோது ஒரு வழித்தடம் தெரிந்தது. இரண்டு வயது வரை மெலிவு. பிறகு மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரமாகவே உடல் போடத் தொடங்கி, அந்த ஏற்றம் நிற்காமல் இளமைவரை நீள்கிறது. இதில் நம் வாயை அடைக்கிற வரி ஒன்று உண்டு. பின்னால் சர்க்கரைக் கோளாறு வந்த இவர்களில் ஒருவர்கூட 12 வயதில் குண்டாக இல்லை. ஒருவர்கூட! எந்த அம்மாவும் பார்த்துக் கவலைப்பட்டிருக்க மாட்டாள். "சரியாத்தான் இருக்கான்" என்று பாட்டிகள் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

இரண்டு வயதுக்குப் பிறகு குழந்தை தன்பாட்டில் மெலியும். கன்னத்துச் சதை வற்றும், விலா எலும்பு தெரியும், கால் நீளும். ஐந்து ஆறு வயதுவரை இது இயற்கை. அதற்கப்புறம்தான் மெல்லச் சதை பிடிக்க வேண்டும். நாம் பதறுவதோ சரியாக இந்தக் காலத்தில்தான். ஊரிலிருந்து வீடியோ காலில் ஒரு குரல், "என்னடி, பிள்ளை துரும்பா இளைச்சுக் கிடக்கு?" அவ்வளவுதான், மறுநாளே அலமாரியில் மால்ட் பவுடர் டப்பா, கிரீம் பிஸ்கட், மாம்பழ ஜூஸ் பெட்டி எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து கொடுக்க ஆப் வேறு இருக்கிறது, கேட்பானேன். ஒரு சிறு பிள்ளைக்கு உண்மையிலேயே எடை ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள், வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். முதல் இரண்டு வருஷத்தில் கஞ்சத்தனமே கூடாது என்பதையும் இதே ஆய்விலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்பது வேறு. ஓடியாடும், உயரமாகும், ஆனால் மெலிவாகத் தெரியும் பிள்ளையைப் பாக்கெட் தீனி போட்டு உப்பவைக்க ஏன் இந்த அவசரம்?

நம் உடம்பின் வாகும் கொஞ்சம் வஞ்சகமானது. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்: அங்கே பிறக்கும் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5. நம் குழந்தைக்குக் குறைவது பெரும்பாலும் தசை. கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. அவரும் ஜான் யுட்கின் என்ற ஆங்கிலேய மருத்துவரும் 2004-ல் லான்செட்டில் தங்கள் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3, அச்சாக ஒன்று. உடலில் கொழுப்பு மட்டும் ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. எடை மெஷினும் கண்ணாடியும் நமக்கு ஒழுங்காகச் சாட்சி சொல்வதில்லை.

"நாங்க வெளியில வாங்கித் தர்றதே இல்லை, வீட்டுச் சாப்பாடுதான்" என்று நிமிர்ந்து நிற்பவர்களே, கொஞ்சம் இருங்கள். உங்கள் டிபன் பாக்ஸையும் திறந்து பார்க்கலாம். திங்கள் தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். செவ்வாய் லெமன் சாதம், அதே உருளை. புதன் இட்லி, பொடி. வியாழன் பாஸ்தா, அதாவது மைதா. வெள்ளி மறுபடி தயிர்சாதம். பருப்பு எங்கே, சுண்டல் எங்கே, கீரை எங்கே? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தானியத்திலிருந்து வரும் சக்தி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. இந்தியர்களுக்கு அது 50-லிருந்து 70 வரை போகிறதாம். பருப்பு, மீன், இறைச்சியெல்லாம் சேர்ந்து 14 சதவீதம் தர வேண்டிய இடத்தில் 6-லிருந்து 9 தான் தருகின்றன. நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதத்துக்குத் தவறான உணவே காரணம் என்பதும் அதே வழிகாட்டியின் கணக்கு. வீட்டில் சமைத்தது என்பதற்காக வெள்ளைச் சோறும் உருளையும் புண்ணியமாகிவிடாது.

"தில்லியில் நம்ம ஊர் காய் கிடைக்கிறதில்லை" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். முருங்கைக்காய்க்காக ஐ.என்.ஏ. மார்க்கெட்வரை போக ஞாயிற்றுக்கிழமை நேரம் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்துப் புத் பஜாரில், அதான் புதன் சந்தையில், குளிர்காலம் முழுக்கக் குவிந்துகிடக்கும் கீரைக்கு நேரமில்லையா? மேத்தி, பாலக், கடுகுக் கீரை, முள்ளங்கி இலை. இங்கே பத்துவா என்று கட்டுக்கட்டாக விற்பது நம்மூர்ச் சக்கரவர்த்திக் கீரையேதான். பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய், சீரகம் அரைத்துவிட்டால் அருமையான கூட்டு. (பஞ்சாபிகள் இந்தக் கீரையை ரொட்டி மாவில் பிசைந்துவிடுகிறார்கள். கீரை என்றால் ஓடும் பிள்ளையும் பேசாமல் சாப்பிட்டுவிடும். கற்றுக்கொள்ளக் கூச்சமென்ன?) சிவப்புக் கேரட்டும் கொய்யாவும் அப்படியே கடித்துத் தின்ன.

சர்க்கரைக்கு வருகிறேன். 300 மில்லி கோலா பாட்டில் ஒன்றில் சர்க்கரை 30 கிராமுக்கு மேல். ஹைதராபாத் நிறுவனத்தின் அதே வழிகாட்டி ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 20-லிருந்து 25 கிராம்தான். கோலா கெடுதல் என்று தெரிந்து, நல்லது செய்கிறோம் என்று மால்ட் பவுடர் கலக்குகிறவர்கள் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் 'ஆடட் சுகர்ஸ்' வரியை ஒருமுறை படித்துவிட்டுக் கலக்குங்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலில் வைக்க வேண்டாம் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. அப்படி ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. கடைக்காரர் பலகையை மாற்றிவிட்டார், நம் அலமாரியில் மட்டும் அது இன்னும் சத்துமாவாகவே இருக்கிறது.

பள்ளியைக் குறை சொல்வதற்கு முன், நமக்காகச் சிலர் செய்திருப்பதையும் பாருங்கள். உதய் ஃபவுண்டேஷன் என்ற தில்லி அமைப்பு 2010-லேயே பள்ளிகளைச் சுற்றி விற்கும் நொறுக்குத்தீனிக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2015-ல் தீர்ப்பு வந்தது. 2020-ல் விதியும் வந்தது: கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டத்தைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது. 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகள் எல்லாம் 'சுகர் போர்டு', அதாவது எதில் எவ்வளவு சர்க்கரை என்று சொல்லும் பலகை, வைக்க வேண்டும் என்றது. 4-லிருந்து 10 வயதுப் பிள்ளைகளின் அன்றாடக் கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது, பெரிய பிள்ளைகளுக்கு 15, இருக்க வேண்டியதோ 5 என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. விதி 50 மீட்டர். நாம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு 51-வது மீட்டரில் மோமோ வண்டிக்கு முன் வரிசையில் நிற்கிறோம். விதி போட்டவர்கள் என்ன செய்வார்கள்?

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வந்தால் இனி சாக்லேட் பொட்டலம் வேண்டாம், பென்சிலோ கதைப் புத்தகமோ போதும் என்று எழுதப்போகிறேன்; கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, அடுத்த வாரமே கேக்கோடு வராதீர்கள். வேனுக்கு வேர்க்கடலையோ வறுத்த கடலையோ கொடுத்தனுப்புங்கள், தொண்டையில் சிக்கும் வயதைத் தாண்டிய பிள்ளையாக இருந்தால். ஊர்ப் பாட்டிக்கு வீடியோ காலில் முதல் பதிலை நீங்களே சொல்லுங்கள், "உயரமாகிட்டு இருக்கான்மா, அதான்" என்று. அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் கேன்டீன் பட்டியலைக் கேட்கப்போகிறேன். நான் ஒருத்தி கேட்டால் சண்டைக்காரி என்பார்கள், இருபது பேர் கேட்டால் பட்டியல் வரும். வாருங்கள். வரும்போது கையிலிருக்கும் பிரெட் பக்கோடாவைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.